நாலு விரல் உயரம்

தேற்றாத்தீவில் ஜெராட்டைத் தெரியாத நாய் இல்லை. மனிதர்கள்தான் கொஞ்சம் யோசிப்பார்கள். தண்ணீர் மீற்றர் பார்க்க வருகிற ஆள் என்றால், ஓமோம், அந்தச் சைக்கிள்காரர் என்பார்கள். பெயரைக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். ஊருக்குக் குழாய்த்தண்ணீர் வந்த நாள்தொட்டு மாதம் தவறாமல் வளவுக்குள் வந்து குந்தியிருந்து எண்ணைக் குறித்துக்கொண்டு போகிற மனிதருக்கும் பெற்றவர்கள் ஒரு பெயர் வைத்திருப்பார்கள் என்ற யோசனை ஒருவருக்காவது வந்திருக்க வேண்டாமா? வரவில்லை.

அவரையும் சொல்ல வேண்டும். வாய் திறந்து நாலு கதை கதைக்கிற ஆளில்லை. படலையைத் தட்டினால் உள்ளேயிருந்து, ஆர் அது என்று ஒரு குரல் வரும். மீற்றர் என்பார். அவ்வளவுதான் கதை. படலையோடு தரையில் பதித்திருக்கும் சீமெந்துப் பெட்டியின் மூடியைத் தூக்கி, எறும்பைத் தட்டி, கண்ணாடியைப் பெருவிரலால் துடைத்து, எண்ணைப் பார்த்து எழுதிவிட்டு எழும்புவார். ஒரு நாளைக்கு நூறு தடவைக்கு மேல் குந்தி எழும்ப வேண்டும். சில வீடுகளில் குடிக்கப் பிளேன்ரீ கிடைக்கும். பல வீடுகளில் முகமே கிடைக்காது. ஆனாலும் அந்த "ஆர் அது" தான் அவருக்கு ஒரு நாளில் கிடைக்கிற மனிதக் குரல். வீட்டுக்குப் போனால் அதுவும் இல்லை.

வீடு யூதாததேயு கோயிலுக்குப் பின்னால், வாவிக்குப் போகிற மணல் ஒழுங்கையில் இருந்தது. பிள்ளைகள் இல்லை. மனைவி ஜோசப்பின் இறந்து இரண்டு வருடமும் நாலு மாதமும். தன் வீட்டு மீற்றரையும் ஜெராட்தான் வாசிக்க வேண்டும், வேறு ஆர் வருவார்? அவள் இருந்த காலத்தில் மாதம் பதின்மூன்று யூனிற் ஓடிய தண்ணீர், இப்போது நாலு யூனிற்றில் நின்றது. சொந்தப் படலைக்கு முன்னால் குந்தியிருந்து நாலு என்று எழுதுகிறபோது மட்டும் அவருடைய எழுத்துக் கொஞ்சம் கோணும்.

ஜோசப்பினுக்குச் சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் வலது கால் சூம்பிப் போயிருந்தது. அதற்காக அவள் வீட்டில் முடங்கிக் கிடந்தவள் இல்லை. பக்கத்து ஊரான களுதாவளையில் வாவிக்கரைப் பக்கம் இருக்கும் தையல் பயிற்சி நிலையத்தில் இருபது வருடம் ரீச்சராக இருந்தாள். காலையில் ஜெராட் அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிட்டு வேலைக்குப் போவார். பின்னேரம் ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் அந்தப் படலைக்கு வந்து ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவார். ஓட்டோவில் போகலாமே என்று ஊர் சொல்லாமல் இல்லை. பெற்றோல் மணம் பட்டால் அவளுக்கு வயிற்றைப் பிரட்டும். அதனால்தான் மற்ற மீற்றர்காரர் எல்லோரும் மோட்டார் சைக்கிள் எடுத்தபோதும் ஜெராட் எடுக்கவில்லை.

அவளை ஏற்றுவதற்கு ஒரு முறை இருந்தது. சைக்கிள் இம்மியும் அசையக் கூடாது. ஜெராட் சீற்றில் இருந்தபடியே இரண்டு பாதத்தையும் தரையில் முழுதாகப் பதித்து நிற்க வேண்டும். அவள் ஒரு கையால் அவர் தோளைப் பிடித்து, மறுகையால் சூம்பிய காலைத் தூக்கி, கரியரில் பக்கவாட்டாக ஏறி உட்காருவாள். ஏறிவிட்டாயா என்று அவர் கேட்பார். "ம், விடுங்க" என்பாள். பிறகுதான் சைக்கிள் நகரும். ஜெராட்டோ பனை மாதிரி உயரமான ஆள். அவருடைய பாதம் இரண்டும் முழுதாகத் தரையில் படவேண்டுமென்றால் சீற் எவ்வளவு கீழே இருக்க வேண்டும்? கல்யாணம் முடித்த வருடமே சீற்றை அடிமட்டத்துக்கு இறக்கி இறுக்கினார். அன்றைக்கு இறுக்கிய நட்டை அதற்குப் பிறகு தொடவில்லை. பெடலை மிதிக்கும்போது முழங்கால் நெஞ்சுக்கு வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்த்துச் சிரிப்பார்கள். பின்னாலிருந்து ஜோசப்பினும் சேர்ந்து சிரிப்பாள்.

அவள் போன பிறகும் சீற் அங்கேதான் இருந்தது.

இன்னொன்றும் இருந்தது, அதை அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. வேலை முடிந்து வருகிற வழியில், பின்னேரம் ஐந்துக்கு முன்னால், தையல் நிலையத்துப் படலையில் சைக்கிளை நிறுத்துவார். இரண்டு பாதத்தையும் மணலில் பதித்துக்கொண்டு, ஒருவர் ஏறி உட்காருகிற நேரம் அப்படியே நிற்பார். பிறகு போவார். தன்னை ஒருவரும் காணவில்லை என்றுதான் நினைத்திருந்தார், பாவம். ஜோசப்பினிடம் தைக்கப் பழகி இப்போது அங்கேயே ரீச்சராக இருக்கும் கஜானி, யன்னலுக்குள் நின்று தினமும் பார்த்தாள். அவர் போகும்வரை படலையைப் பூட்ட வெளியே வரமாட்டாள். பிள்ளைகளையும் விடமாட்டாள்.

போன மாரி மழை முடிந்த கையோடு வலது முழங்காலில் நோவு தொடங்கியது. முழங்காற் சிரட்டையைச் சுற்றி ஒரு மந்தமான நோவு. குந்தியிருந்து எழும்பும்போது பிடிக்கும். கோயில் படி இறங்கும்போது குத்தும். ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டமாக இருந்தது, அதுதான் அவருக்கு விளங்கவில்லை. பூசையில் நெடுநேரம் காலை மடக்கி உட்கார்ந்தாலும் நோகும். மணல் ஒழுங்கையில் பெடலை அமத்தும்போது உயிர் போய் வரும். எண்ணெய் போட்டார். பாமசியில் முழங்காலுக்கு றப்பர் உறை வாங்கி மாட்டினார். எக்ஸ்ரே எடுத்தார். படத்தைத் தூக்கிப் பார்த்த டொக்டர், எலும்பில் ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லாததற்கா இவ்வளவு நோவு என்று ஜெராட்டுக்கு ஆத்திரம் வந்தது.

நோவு கூடக்கூட வீடுகள் குறைந்தன. நூற்றிருபது வாசித்த இடத்தில் எழுபது வாசித்தார், பிறகு ஐம்பது. கந்தோரில் புதிதாக வந்த மேலதிகாரி கெட்டவர் இல்லை, சத்தம் போடவுமில்லை. ஆவணி முடியும்வரை பார்ப்போம், அதற்குமேல் ஏலாதென்றால் டவுனில் களஞ்சியத்துக்கு மாற்றிவிடுகிறேன், நிழலில் இருக்கலாம் என்றார். அவர் உதவி செய்கிறதாகத்தான் நினைத்தார். களஞ்சியத்தை ஜெராட்டுக்குத் தெரியும். பழுதான மீற்றர்களை அடுக்கி வைத்திருக்கும் ஒரு நீட்டு அறை. மனிதர் வருவதில்லை. காலையில் திறந்து, பின்னேரம் பூட்ட வேண்டும். வீட்டிலும் ஒருவரும் இல்லை, அங்கேயும் ஒருவரும் இல்லை என்றால் வாய் எதற்கு? ஊருக்குள் சுற்றுகிற வேலை போய்விட்டால் தன் குரலைத் தானே மறந்துவிடுவேனோ என்று அவர் உண்மையாகவே பயந்தார்.

அந்தப் பயத்தில்தான் ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சிச் சிகிச்சைப் பகுதிக்குப் போனார். அங்கே நிஸ்மியா என்று ஏறாவூர்ப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். முப்பது வயதுகூட இராது. எக்ஸ்ரே படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு உறைக்குள் போட்டாள். ஜெராட்டைச் சாணுயரப் பலகை ஒன்றில் ஏற்றி, முன்னால் கண்ணாடியை வைத்து, இடது காலை மெல்லக் கீழே இறக்கச் சொன்னாள். உடம்புப் பாரம் முழுவதும் வலது காலில் வந்தது. கண்ணாடியில் பார்த்தார். வலது முழங்கால் நேரே வளையாமல் உள்பக்கமாகச் சரிந்தது. இடுப்பு மறுபக்கம் இறங்கியது. பாதமும் தட்டையாக அமுங்கியது. ஐம்பத்துநாலு வயது வரைக்கும் இந்தக் காலோடுதான் நடந்திருக்கிறார், இதை ஒருநாளும் கண்டதில்லை.

நிஸ்மியா தன் மேசை லாச்சியை இழுத்துக் காட்டினாள். நேரே இழுத்தபோது சத்தமில்லாமல் வந்தது. கொஞ்சம் சரித்து இழுத்தபோது ஒரு பக்கம் உரசிக்கொண்டு முக்கியது.

"சிரட்டையும் இப்பிடித்தான் ஐயா. தொடை எலும்பில ஒரு பள்ளம் இருக்கு, அதுக்குள்ள ஏறி இறங்கும். கால் உள்ளுக்குச் சரிஞ்சா ஒரு பக்கம் உரசும். கால் மடங்க மடங்க அமத்தமும் கூடும். நோகிறது முழங்கால், ஆனா பிழை அங்க மட்டும் இல்ல."

பிழை இடுப்பின் பக்கத்தில் இருக்கும் தசையில் என்று விளங்கப்படுத்தினாள். அது தொடையைப் பிடித்து நேராக வைத்திருக்க வேண்டும், இவருக்கு அது சோர்ந்து கிடந்தது. இடது பக்கம் சரிந்து படுத்து வலது காலைத் தூக்கிப் பழக வேண்டும், கண்ணாடிக்கு முன்னால் படி இறங்கிப் பழக வேண்டும், முழங்கால் உள்ளே போகாமல் கண்ணால் காவல் காக்க வேண்டும். ஜெராட் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வீட்டில் ஆளுயரக் கண்ணாடி அலுமாரிக் கதவில்தான் இருந்தது. கதவின் மறுபக்கம் ஜோசப்பினின் சேலைகள். காலையும் மாலையும் அந்தக் கதவுக்கு முன்னால் ஒரு பலகையில் ஏறி இறங்கினார். என்ன மனுசன் இது, தனியாகக் கூத்தாடுகிறான் என்று தனக்குத் தானே சொல்லிச் சிரிக்கவும் செய்தார். சிரித்தபோது வீட்டில் அந்தச் சத்தம் வித்தியாசமாகக் கேட்டது.

ஒரு மாதத்தில் படி இறங்குவது இலகுவானது. குந்தி எழும்புவதும் பரவாயில்லை. ஆனால் சைக்கிளில் ஏறினால் மட்டும் நோவு திரும்பி வந்தது. சைக்கிளைக் கொண்டுவந்து காட்டச் சொன்னாள் நிஸ்மியா. ஜெராட் அதைப் பஸ்ஸின் பின் ஏணியில் கட்டிக் கொண்டுபோனார். ஆஸ்பத்திரி முற்றத்தில் அதைக் கண்டதும் அவள் வாயில் கை வைத்தாள்.

இது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு வைத்த சீற், ஐயாவின் உயரத்துக்கு இதில் இருந்து மிதித்தால் இரும்பு முழங்காலும் நோகும் என்றாள். ஏறி இருக்கச் சொல்லி, சுவரைப் பிடித்தபடி மிதிக்க வைத்தாள். பெடல் கீழே போனபிறகும் கால் பாதி மடங்கியே நின்றது. மேலே வரும்போது முழங்கால் இடமில்லாமல் உள்ளே திரும்பியது. நாலு விரல் உயர்த்துங்கள், நோவு பாதி அன்றைக்கே போய்விடும் என்றாள். ஒரு ஸ்பேனர் போதும், பத்து நிமிட வேலை.

"பாப்பம் மிஸ்" என்றார் ஜெராட். எங்கள் ஊரில் பாப்பம் என்றால் என்ன அர்த்தமென்று ஏறாவூர்ப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும்.

அன்று பின்னேரம் முற்றத்தில் சைக்கிளை நிறுத்தி ஸ்பேனரை எடுத்தார். நட்டில் வைத்தார். எடுத்துவிட்டார். மறுநாளும் அப்படியே. சீற்றை உயர்த்தினால் பாதம் தரையில் முழுதாகப் படாது. பாதம் படாவிட்டால் அவள் எப்படி ஏறுவாள்? அவள் இனி ஏறப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியாததா? சேமக்காலையில் அவளுடைய குழிக்கு மண் போட்டவரே அவர்தான். ஆனால் அந்த நட்டைக் கழற்றினால் அதைத் தன் கையாலேயே ஒத்துக்கொண்டதாகிவிடும். கை மாட்டேன் என்றது.

அடுத்த கிழமை ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போனார். சீற்றை உயர்த்தினீர்களா என்று நிஸ்மியா கேட்டாள். ஓம் என்று சொன்னார், பொய். நோவு எப்படி என்று கேட்டாள். அப்படியே கிடக்கிறது என்றார், அது மெய். அவள் திரும்பவும் பலகையில் ஏற்றிப் பார்த்தாள். முழங்கால் நேரே வளைந்தது, இடுப்பு இறங்கவில்லை. எல்லாம் சரியாக இருக்க நோவு மட்டும் ஏன் நிற்கிறது என்று பிள்ளையின் முகம் வாடிப்போயிற்று. தான் எதையோ காணாமல் விட்டுவிட்டேன், பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன், அங்கே ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பேனையை எடுத்தாள்.

அந்த மன்னிப்பைத்தான் ஜெராட்டால் தாங்க முடியவில்லை. தன் பொய்யால் கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்தி தன்னையே பிழை சொல்லிக்கொண்டு நிற்கிறாள்.

"எழுதாதீங்க மிஸ். நான் சீற் உயர்த்தேல்ல."

பிறகு ஏன் என்று சொன்னார். இரண்டு வருடத்தில் அவர் அவ்வளவு நேரம் தொடர்ந்து கதைத்தது அன்றைக்குத்தான். பாதம் பதிக்கிறதை, தோளைப் பிடிக்கிற கையை, "ம், விடுங்க" என்கிறதை எல்லாம் சொன்னார். அவள் பக்கவாட்டாக இருக்கும்போது பாரம் இடதுபுறம் சரியும், அதைச் சமாளிக்க வலது காலை உள்ளே ஊன்றி மிதிப்பேன் என்றும் சொன்னார். படலையில் நிற்கிறதை மட்டும் சொல்லவில்லை. நிஸ்மியா பேனையை மூடி வைத்தாள். கண்ணைத் துடைத்தாளா என்று ஜெராட் பார்க்கவில்லை, அவர் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் அவள் சொன்னாள்: "கரியரைக் கழட்டச் சொல்லேல்லையே ஐயா. அது இருக்கட்டும். சீற்ற மட்டும் உயர்த்துங்க."

ஆவணி முடியப் பத்து நாள் இருந்தது. ஸ்பேனரை வைத்தால் நட்டு அசையவில்லை. கடற்காற்றும் வாவிக்காற்றும் சேர்ந்து நட்டையும், சீற்றின் தண்டு குழாய்க்குள் இறங்கும் வாயையும் துருவாகப் பிடித்துவிட்டன. மண்ணெண்ணெய் ஊற்றினார். ஒரு நாள் ஊறவிட்டார். அசையவில்லை. திரும்ப ஊற்றினார். மூன்றாம் நாள் காலையில் நட்டு இளகியது. சீற்றை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கியபோது கறகறவென்று ஒரு சத்தம் வந்து தண்டு சுழன்றது. குழாய்க்குள் இத்தனை வருடம் மறைந்திருந்த துண்டு மேலே வந்தது. அதில் துருவே இல்லை, வாங்கிய அன்றிருந்த பளபளப்பு அப்படியே இருந்தது. நாலு விரலை வைத்து அளந்து இறுக்கினார். பிறகு முற்றத்தில் இருந்து கொஞ்ச நேரம் அழுதார்.

அன்றைக்கு வேலைக்குப் போனார். முதல் ஒழுங்கையிலேயே வித்தியாசம் தெரிந்தது. கால் நீண்டு கீழே போனது, முழங்கால் நெஞ்சுக்கு வரவில்லை, சிரட்டை தன்பாட்டுக்கு ஓடியது. நிறுத்தும்போது சீற்றிலிருந்து முன்னால் வழுகி இறங்கி ஒரு காலை ஊன்ற வேண்டும் என்று நிஸ்மியா சொல்லிக்கொடுத்திருந்தாள். முதல் பத்து வீட்டில் தடுமாறினார். பிறகு பழகிவிட்டது. "ஆர் அது?" "மீற்றர்." "ஆர் அது?" "மீற்றர்." நூற்றுப் பதினாலு வீடு. கந்தோரில் கணக்கைக் கொடுத்தபோது மேலதிகாரி இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, அப்படியென்றால் களஞ்சியக் கதையை விட்டுவிடுவோம் என்றார். ஜெராட் சரி ஐயா என்றார். சந்தோசம்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும்? ஆனால் அதைச் சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டுமே. அந்த நினைப்போடுதான் திரும்பி வந்தார்.

ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால் தையல் நிலையத்துப் படலை வந்தது.

நூறு தடவைக்கு மேல் ஒழுங்காக இறங்கிய மனிதர், அந்தப் படலையில் மட்டும் மறந்துவிட்டார். சீற்றில் இருந்தபடியே பிரேக்கை அழுத்தி இரண்டு பாதத்தையும் கீழே விட்டார். இரண்டும் தரையில் பதியவில்லை, நுனிவிரல் மட்டும் மணலில் வழுகியது. சைக்கிள் இடதுபக்கம் சரிந்தது. கீழே போகிற மனிதனின் கை எங்கே போகும்? முன்னால் போய்த் தரையில் ஊன்றும், அதுதான் உடம்பின் புத்தி. ஜெராட்டின் வலது கை பின்னால் போனது. கரியரைப் பிடித்துக்கொண்டது. அப்படியே மணலில் விழுந்தார்.

யன்னலுக்குள் நின்ற கஜானி ஓடிவந்தாள். பின்னால் நாலைந்து பிள்ளைகளும் வந்தார்கள். ஜெராட்டின் இடது முழங்கை உரசியிருந்தது, கன்னத்தில் மணல். பெரிய காயம் இல்லை. சைக்கிள் அவர் காலுக்குமேல் கிடந்தது. ஒரு பிள்ளை தண்ணீர் எடுக்க ஓடினாள். கஜானி குனிந்து ஹாண்டிலைப் பிடித்தாள். அவருடைய வலது கை இன்னும் கரியரை இறுக்கிக்கொண்டிருந்தது.

"கைய விடுங்க ஐயா, சைக்கிள நான் தூக்குறன்."

"பொறு மகள். அவ முதல்ல இறங்கட்டும்."

சொன்ன பிறகுதான் அது அவருக்கே கேட்டது. முகம் செத்துப்போயிற்று. பின்னால் நின்ற பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், ஒருத்தியும் சிரிக்கவில்லை. கஜானி சைக்கிளைத் தூக்கவில்லை. ஹாண்டிலைப் பிடித்தபடியே, அவருக்குப் பக்கத்தில் மணலில் குந்தினாள். ஒருவர் கரியரிலிருந்து காலைத் தூக்கி வைத்து, தோளைப் பிடித்து, இறங்கி நிற்கிற அளவு நேரம் காத்திருந்தாள்.

"ரீச்சர் இறங்கிட்டாவா, ஐயா?"

ஜெராட் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"ஓம் மகள்" என்றார். கையை விட்டார்.